மெத்தைக்கடையில் மல்லாந்தவர்

"பாஸ், அந்தம்மா உள்ள போய் ரொம்ப நேரமாச்சு. ஒரு பொம்பளை மெத்தைக்கடைக்குள்ள போய் இவ்வளவு நேரம் வெளிய வரலைன்னா ரெண்டே அர்த்தம்தான். ஒண்ணு, பேரம் படியல."

"இன்னொண்ணு?"

"பேரம் படிஞ்சிடுச்சு."

மூக்கம்மா சிரிக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தின் விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்று எதிர்ச்சாரியில் இருந்த கண்ணாடிக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. அவளுடைய உதவியாளன் தந்தியின் வாய் மட்டும் நிழலில் இருப்பதுபோல் சுறுசுறுப்பாக இயங்கியது.

மூக்கம்மா என்பது அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், அவளிடம் மாட்டிக்கொண்டவர்கள் ஒன்றுகூடி வைத்த பெயர். வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் நிறுவனம் தொடங்கியபோது பட்டத்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டாள். பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் அலுவலகம். கீழே யாராவது அலறினால் மேலே உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர் மளமளவென்று உண்மையைக் கக்கிவிடுவார். அது ஒரு வசதி. உதவியாளனுக்குத் தந்தி என்று பெயர் வந்த காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அவனிடம் ரகசியம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். என்ன, ஒலிபெருக்கிக்கு அவ்வப்போது கரண்ட் போகும்.

இந்த வழக்கின் கட்சிக்காரர் கட்டுமான இடத்தில் கோபுர கிரேன் ஓட்டுபவர். பீப்பாய் உடம்பு, தூண் போன்ற கழுத்து, மஞ்சள் ஹெல்மெட். சில நாள்களுக்கு முன் மாடியேறி வந்து, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் சொன்னார்:

"என் பொண்டாட்டி என்னைக் கொல்லப் பாக்குறா."

கீழே பல் டாக்டரிடம் யாரோ அலறினார்கள்.

"சத்தியமா!" என்றார் கிரேன்காரர், அதற்கும் சேர்த்துப் பதில் சொல்வதுபோல்.

அவர் அடுக்கிய ஆதாரங்கள் இவை. ராத்திரி அவள் கொடுக்கும் பாலைக் குடித்துவிட்டுப் படுத்தால், விடியும்போது அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. தலை கனக்கிறது, வாய் வறண்டு கிடக்கிறது. பகலெல்லாம் கண் சொருகுகிறது. இடது விலாவில் நீலநீலமாகக் கன்றிய தடங்கள். எப்படி வந்தன என்று அவருக்கே தெரியாது. அவருடைய பழைய பனியன் ஒன்றின் முதுகில், நட்ட நடுவில், ஒரு பை தைத்து உள்ளே ரப்பர் பந்து. அவர் கிரேனில் இருக்கும் மதிய நேரத்தில் அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போகிறாள். திரும்பும்போது தலை கலைந்திருக்கிறது. இது அடுத்த வீட்டுக்காரர் சொன்னது. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் அக்கா வீட்டில் போய்ப் படுத்தால் மட்டும் காலையில் பூ மாதிரி எழுந்திருக்கிறார்.

"அக்கா அப்பவே சொல்லிச்சு. பால்ல மருந்து, பனியன்ல சூனியம், மத்தியானம் வேற ஆள். பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடுடான்னு. பாதிப் பெட்டி அங்க போயாச்சு. கையில ஆதாரம் கிடைச்சா மீதியும் போயிடும்."

"சூனியம் வைக்கிறவங்க பொம்மை வைப்பாங்க சார்," என்றான் தந்தி. "பந்து வச்சா அதுக்குப் பேரு கிரிக்கெட்."

கிரேன்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "விளையாட்டில்ல தம்பி. போன வாரம் கம்பிக்கட்டைத் தூக்கி அந்தரத்துல வச்சிருக்கேன், கண்ணு மூடிடுச்சு. கீழ இருந்தவங்க போட்ட சத்தத்துலதான் முழிச்சேன். நான் மேல தூங்கினா, கீழ நிக்கிறவன் எழுந்திரிக்கவே மாட்டான்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மூக்கம்மா வழக்கை எடுத்துக்கொண்டாள்.

பால் விஷயம் சீக்கிரமே தீர்ந்துபோனது. கிரேன்காரர் ஆதாரத்துக்காக ஒரு பாட்டிலில் ஊற்றி ஒளித்துக் கொண்டுவந்த பாலை, மூக்கம்மா பரிசோதனைக்கு அனுப்புவதற்குள் தந்தி குடித்துவிட்டான்.

"அடப்பாவி, அது எவிடென்ஸ்டா!"

"ஏலக்காய் வாசனை வந்துது பாஸ். எவிடென்ஸ்னு தோணல."

குடித்தவன் ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லாமல் படம் பார்த்தான். பாலில் மருந்தில்லை என்று நிரூபணமாயிற்று. அறிவியல் இப்படியும் வளரும்.

அதன் பிறகு மூக்கம்மா கிரேன்காரருடைய அக்கா வீட்டுக்குப் போய், அவர் படுக்கும் சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். அதைப் பற்றித் தந்தியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

மிச்சம் இருந்தது மதிய நேரத்து மர்மம். அதைப் பின்தொடர்ந்துதான் இப்போது வெயிலில் நிற்கிறார்கள்.

"பாஸ், பாருங்க! பாருங்க!"

கடைக்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சந்தன நிறச் சட்டை போட்ட தொப்பைக்காரர் ஒருவர் ஒரு தலையணையைத் தட்டித் தட்டிப் பதமாக்கினார். பிறகு அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, கடையின் பின்பக்கத் திரைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் தலையணை இல்லை. முகத்தில் திருப்தி.

"கடை முதலாளியேதான் ஆள்," தந்தி கிசுகிசுத்தான். "தொழிலுக்கும் ஆச்சு, துரோகத்துக்கும் ஆச்சு. ஒரே முதலீடு."

"வாயை மூடு. உள்ள போலாம்."

"வாயை மூடலாம் பாஸ். ஆனா கையை மூட முடியல. இப்பத்தான் கிரேன் சாருக்கு மெசேஜ் போட்டேன். 'கையும் களவுமா பிடிச்சாச்சு. மெத்தைக்கடை. உடனே வரவும்.'"

மூக்கம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இன்ஷூரன்ஸ் காலத்தில் பொய்க் கட்டுப் போட்ட கால்கள் தாமாகவே நடந்திருக்கின்றன.

"அந்த ஆள் கிரேன் ஓட்டுறவன்டா. கோபத்துல இந்த மெத்தைக்காரரை ஒத்தைக் கையில தூக்குவான். நட!"

கதவைத் திறந்ததும் முதலாளி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "வாங்க வாங்க! புதுசா கல்யாணமா?"

"தம்பி," என்றாள் மூக்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு.

"தம்பிக்குக் கல்யாணமா? ரொம்ப சந்தோஷம்! தேங்காய்நார் மெத்தை பாக்கிறீங்களா, ரப்பர் மெத்தையா? முதுகுக்கு நார், மனசுக்கு ரப்பர்."

"அந்தத் திரைக்குப் பின்னாடி என்ன மெத்தை?"

முதலாளியின் கைகள் மடங்கின. "அது... அது விற்பனைக்கு இல்லைங்க."

"நான் வாங்க வரல. பார்க்க வந்தேன்." முதலாளி குறுக்கே நிற்பதற்குள் மூக்கம்மா திரையை விலக்கிவிட்டாள்.

பெரிய கட்டில். மேலே 'படுத்துப் பாருங்கள், பிறகு பேசுவோம்' என்று எழுதிய அட்டை. கட்டிலில் கிரேன்காரரின் மனைவி, செருப்பை ஒழுங்காகக் கீழே ஜோடியாக விட்டுவிட்டு, கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கரி அப்பியதுபோல் கறுப்பு. ஆள் இல்லை, அம்பு இல்லை. வெறும் தூக்கம்.

"தினமும் வரும் அந்தப் பொண்ணு," என்று முதலாளி தாழ்ந்த குரலில் சொன்னார். "முதல்ல, தலைப்பக்கம் மேடா இருக்குமே, அந்தச் சரிவுத் தலையணை விலை கேட்க வந்துச்சு. சும்மா உட்கார்ந்து பாரும்மான்னேன். உட்கார்ந்த இடத்துலயே சாஞ்சிடுச்சு. எழுப்ப மனசு வரல. தற்செயலா அன்னிக்கு வந்த ரெண்டு பேரு அது தூங்குற அழகைப் பார்த்துட்டு அதே மெத்தையை வாங்கிட்டுப் போனாங்க. நானும் வியாபாரிதானே? நாளைக்கும் வாம்மான்னு சொல்லிட்டேன்."

தந்தி நன்றாகப் பார்ப்பதற்காகக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து குனிந்தான். வெயிலில் நின்ற களைப்பில் 'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாக மூச்சுவிட்டான்.

மனைவியின் கண் திறக்கவில்லை. முழங்கை மட்டும் பாம்பு சீறுவதுபோல் சீறி வந்து அவனுடைய இடது விலாவில் இறங்கியது.

"திரும்பிப் படுங்க!" என்றாள் தூக்கத்திலேயே.

"அம்மாடி!" தந்தி கீழே உருண்டான். "பாஸ், நான் படுக்கவே இல்லியே!"

மூக்கம்மாவின் முகம் மலர்ந்தது. அவளுடைய மூக்கு சுருங்கி விரிந்தது. மோப்பம் கிடைத்துவிட்ட அடையாளம்.

"வலிக்குதா?"

"விலா எலும்பு விலாசம் மாறிடுச்சு."

"நல்லது. கிரேன்காரருக்கு எங்க கன்றியிருக்கோ அங்கேயேதான் உனக்கும் விழுந்திருக்கு. இப்ப யோசி. பந்தை ஏன் பனியனோட முதுகுல தைக்கணும்? சட்டைப்பையில போடலாம், தலைமாட்டுல வைக்கலாம். முதுகுல தைச்சா என்ன ஆகும்?"

"மல்லாக்கப் படுத்தா குத்தும்."

"அவ்வளவுதான்டா சூனியம்! அவங்க அக்கா வீட்டு சோபாவுல நான் உட்கார்ந்து பார்த்தேன். பெஞ்சு மாதிரி ஒடுக்கம். அந்த உடம்பு அதுல மல்லாந்தா பாதி ஆள் தரையில தொங்கணும். ஒருக்களிச்சுத்தான் படுக்க முடியும். அங்க படுத்தா பூ, வீட்டுல அகலக் கட்டில்ல மல்லாந்து படுத்தா கருவாடு. வித்தியாசம் பால்ல இல்ல, முதுகுல."

பேச்சுச் சத்தத்தில் மனைவி விழித்துக்கொண்டாள். அந்நிய முகங்களைப் பார்த்துப் பதறி எழுந்து உட்கார்ந்தாள். மூக்கம்மா பக்கத்தில் அமர்ந்து, தான் யார், யார் அனுப்பி வந்தாள் என்று ஒளிக்காமல் சொன்னாள்.

மனைவி அழவில்லை. "கொல்லப் பாக்கிறேனா?" என்றாள். "அக்கா, அவரு மல்லாந்து படுத்தா குறட்டை கூரையைத் தூக்கும். அது போனா போகுது. நடுவுல சட்டுனு நின்னுடும். குறட்டை மட்டுமில்ல, மூச்சே நின்னுடும். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடும், காத்து போகாது. நான் ஒரு இடி இடிச்சா திரும்பிப் படுப்பாரு, மூச்சு வரும். திரும்ப மல்லாந்துடுவாரு. விடிய விடிய இதே வேலை. நான் அசந்து தூங்கி, அன்னிக்குன்னு மூச்சு வராமலே போயிட்டா?"

"அவர்கிட்ட சொல்லலியா?"

"சொன்னேனே! நானாவது குறட்டையாவதுன்னாரு. போன்ல பதிவு பண்ணிப் போட்டுக் காட்டினேன். அது பக்கத்து வீட்டு மோட்டார்னுட்டாரு. டாக்டர்கிட்ட வாங்கன்னா, இல்லாத வியாதியை எழுதி என்னைக் கிரேன் கேபின்ல இருந்து இறக்கிடுவான்னு சண்டை. அதான் தெரியாம பந்து தைச்சேன். அதையும் கண்டுபிடிச்சுட்டாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பகல்ல வீட்டுல படுத்தா தூக்கம் வர மாட்டேங்குது அக்கா. அந்தக் கட்டிலைப் பார்த்தாலே காது தானா விரிஞ்சிடுது."



அப்போது வாசல் கதவு சுவரில் மோதியது.

"எங்கடா அவன்?"

மஞ்சள் ஹெல்மெட்டோடு கிரேன்காரர் நின்றார். முதலாளி தலையணைக் குவியலுக்குப் பின்னால் பதுங்கினார். பலனில்லை. கிரேன்காரர் இரண்டே எட்டில் வந்து அவருடைய சந்தனச் சட்டையின் காலரைப் பிடித்துத் தூக்கினார். தொழில் பழக்கம், நேராக, ஆட்டமில்லாமல் தூக்கினார்.

"சார், சட்டை... சட்டை புதுசு..."

"இறக்குங்க அவரை!" என்றாள் மூக்கம்மா. "உங்க மனைவி இங்க தூங்க வர்றாங்க. வெறும் தூக்கம். ராத்திரி நீங்க தூங்க விடுறதில்ல."

"நானா?"

"நீங்கதான். மல்லாந்து படுத்தா உங்களுக்குத் தொண்டை அடைச்சு மூச்சு நிக்குது. நாக்கும் தொண்டைச் சதையும் பின்னாடி சரிஞ்சு வழியை மறிக்குது. பக்கவாட்டுல படுத்தா சதை ஓரமா சாயும், வழி திறக்கும். டாக்டருங்க ஸ்லீப் ஆப்னியான்னு சொல்லுவாங்க. இன்ஷூரன்ஸ்ல இருக்கும்போது இப்படித் தூங்கி வழிஞ்சு லாரியைக் கவுத்தவங்களை நிறையப் பார்த்திருக்கேன்."

"நாக்கு நீளமா இருந்தா ரொம்ப ஆபத்தா பாஸ்?" என்றான் தந்தி கவலையாக.

"உனக்குப் பகல்லதான்டா ஆபத்து."

கிரேன்காரர் முதலாளியை இறக்கிவிட்டார். ஆனால் மனம் இறங்கவில்லை. "கதை! எல்லாரும் சேர்ந்து கதை கட்டுறீங்க. எனக்குக் குறட்டையே வராது. வேணும்னா இப்பவே படுத்துக் காட்டுறேன்."

"படுங்க," என்றாள் மூக்கம்மா. "நாங்களே கேக்கலாம்னு இருந்தோம்."

கடையிலேயே விலை உயர்ந்த மெத்தையில் கிரேன்காரர் ஹெல்மெட்டையும் பூட்ஸையும் கழற்றிவிட்டு மல்லாந்தார். கையைக் கட்டிக்கொண்டு, "பாத்துக்கிட்டே இருங்க, என் கண்ணு மூடப் போறதே..." என்றார். வாக்கியம் முடிவதற்குள் கண் மூடியது.

முதலில் ஒரு சின்ன விசில். பிறகு ஈர மரத்தை அறுக்கும் ரம்பம். பிறகு பழைய டிராக்டர் ஒன்று மேட்டில் ஏறத் தொடங்கியது. தந்தி போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான். முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மூக்கம்மாவுக்கே சிரிப்பு உதட்டில் முட்டியது.

டிராக்டர் நின்றது.

முதலாளி குலுங்குவதை நிறுத்தினார். கிரேன்காரரின் வாய் திறந்திருந்தது. நெஞ்சு மேலே எழும்பியது, வயிறு உள்ளே இழுத்தது, மறுபடி எழும்பியது. காற்று மட்டும் போகவில்லை. கடையில் மின்விசிறியின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. தந்தி போனிலிருந்து கண்ணை எடுத்தான். "பாஸ்," என்றான். "பாஸ், போதும்."

மனைவி கட்டிலருகே போய்க் குனிந்திருந்தாள். ஒரு கை அவர் நெஞ்சின்மேல், காது அவர் வாயருகில். அவள் யாரையும் பார்க்கவில்லை. பொறுத்துப் பார்த்தாள்; பிறகு முழங்கையை இறக்கினாள்.

தண்ணீரில் முங்கியவன் மேலே வருவதுபோல் ஒரு பெரிய மூச்சு. அவள் அவருடைய தோளைத் தள்ளி ஒருக்களிக்க வைத்தாள், முதுகுக்கு ஒரு தலையணையை முட்டுக் கொடுத்தாள். டிராக்டர் போன இடத்தில் மெல்லிய சீரான மூச்சு வந்தது. அந்தப் பீப்பாய் உடம்புக்காரர் கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு பிள்ளை மாதிரி தூங்கினார்.

கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டு எழுப்பினார்கள்.

"பாத்தீங்களா?" என்றார் எழுந்ததும், வாயோரம் துடைத்தபடி. "சும்மா கண்ணை மூடியிருந்தேன். குறட்டை வந்துச்சா?"

தந்தி போனைக் கொடுத்தான்.

முதல் பாதியை அவர் சிரித்துக்கொண்டே பார்த்தார். "அட, நான்தானா இது? மோட்டாருக்கு என்னா சவுண்டு..." பிறகு போனைத் தட்டினார். காதருகே வைத்தார். "என்ன தம்பி, படம் நின்னுடுச்சு?"

"படம் ஓடிக்கிட்டுதான் இருக்கு சார்," என்றான் தந்தி. "நின்னது நீங்க."

அவர் மறுபடி பார்த்தார். இந்த முறை தன்னைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில் குனிந்திருந்த முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே அந்தக் கறுப்பு, மூச்சைத் தேடும் அந்தக் காது, நெஞ்சின்மேல் விரிந்திருந்த கை. அவர் மூச்சு நின்றிருந்த நேரம் முழுக்க அவளும் மூச்சுவிடவில்லை என்பது படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

"தினமும் இப்படியா?" என்றார். குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது.

"தினமும்தான்," என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை லீவெல்லாம் கிடையாது."

கிரேன்காரர் பூட்ஸை மாட்டிக்கொள்ளாமலே போனை எடுத்து மேஸ்திரியை அழைத்தார். "அண்ணே, நான்தான். நாளையிலேர்ந்து என்னைக் கேபின்ல ஏத்தாதீங்க. ... இல்ல, சண்டை இல்ல. தூக்கத்துல மூச்சு நிக்குது. அதான் பகல்ல கண்ணு சொருகுது. டாக்டர் பார்த்து, சரின்னு எழுதிக் கொடுத்தப்புறம் வரேன். ... ஆமாண்ணே, தெரியும். வேற ஆளைப் போட்டா போடுங்க. கீழ நிக்கிறது எல்லாம் பொண்டாட்டி புள்ளை உள்ளவங்க."

வைத்துவிட்டு மூக்கம்மாவைப் பார்த்தார். "பக்கவாட்டுல படுத்தாலே சரியாயிடுமா?"

"சில பேருக்கு அதுவே போதும். சில பேருக்குப் போதாது, முகத்துல மாட்டுற மெஷின் வேணும். நீங்க எந்த ரகம்னு டாக்டர்தான் சொல்லணும். நான் விலாவைப் பார்த்துதான் கண்டுபிடிப்பேன், தொண்டைக்குள்ள பார்க்க மாட்டேன்."

அவர் தலையாட்டினார். மனைவி பக்கம் திரும்பினார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறவர்போல் தொண்டையைச் செருமினார். கடைசியில் வந்தது இதுதான்:

"நீ படு."

"ஐயோ, வீட்டுக்குப் போகணும். அடுப்பு வேலை கிடக்கு."

"அடுப்பு எங்கயும் ஓடிடாது. படு. நான் உட்கார்ந்திருக்கேன்."

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். தலை தலையணையில் பட்டதுதான் தெரியும், தூங்கிவிட்டாள். கைப்பை தரையில் விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

கிரேன்காரர் ஒரு சின்ன நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துக் கணவன் மனைவி இருவர் கடைக்குள் வந்து, "இந்த மெத்தை என்ன விலைங்க?" என்று உரக்கக் கேட்டார்கள். முதலாளி பழக்க தோஷத்தில் கையை விரித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"உஷ்!" என்றார் கிரேன்காரர். வந்தவர்கள் பின்வாங்கினார்கள். "வெளிய போய்ப் பேசுங்க. என் வீட்டுக்காரி தூங்குறா."

அவருடைய கண்களும் சொருகத்தான் செய்தன. தொடையை அழுத்திக் கிள்ளிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.